கோடாக எழும் கொப்புளம்



பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தையின் உடலில் நீர்க்கொப்புளங்கள் எழுந்தால், நம் வீடுகளில் முதலில் பிறக்கும் சொல் 'அம்மை', அடுத்தது 'அக்கி'. வேப்பிலை வரும், சிலர் காவி பூசுவர். அவ்வழக்கங்களைப் பழிக்க நான் வரவில்லை. அம்மைக் கொப்புளம் சிதறி எழும். நான் பேசவந்த நோயின் கொப்புளமோ கைகால்களில் நீள்கோடாக வரிசை கட்டி நிற்கும். கருவில் தோலணுக்கள் பெருகிப் பரவிய தடம் அது. 1901இல் செருமானிய மருத்துவர் பிளாஷ்கோ அவ்வரிகளை வரைந்து காட்டினார்.

'இன்கான்டினென்ஷியா பிக்மென்டி' என்பது நோயின் பெயர். 'நிறமி அடங்காமை' எனலாம். மேல்தோலின் நிறமி அடித்தோலுள் இறங்கிக் கிடந்ததைக் கண்டு, 1926இல் புரூனோ புளோக் இட்ட பெயர். மொழி அவையில் நிற்பதால் சொல்கிறேன்: பொருந்தாப் பெயர். கொப்புளம் ஆறும், பழுப்பு வரிகளும் காலப்போக்கில் மங்கும். நிறத்தால் ஒரு கேடும் இல்லை. பெருங்கேடு நேர்வது பெயரில் இடம்பெறாத விழித்திரையிலும் மூளையிலும்.

எக்ஸ் குரோமோசோமிலுள்ள நெமோ என்னும் மரபணுவின் பழுதே காரணம் என்பது 2000இல் தெளிவாயிற்று. அணுக்களை அழிவிலிருந்து காப்பது அம்மரபணுவின் பணிகளுள் ஒன்று. ஓர் எக்ஸ் மட்டுமே உடைய ஆண் கரு பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிழைக்கும் பெண் குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளை பாதிப்புறுகிறது. பல வேளைகளில் முதல் வாரங்களில் வரும் வலிப்பே அதன் முதல் அறிகுறி.

எம்.ஆர்.ஐ. படத்தில் நீரின் அசைவை அளக்கும் முறை ஒன்று உண்டு. மடியும் திசுவில் நீர் நகர இயலாது. அவ்விடம் வெண்மையாக ஒளிரும். முதியோரின் பக்கவாதத்தில் பெரும்பாலும் ஒரு பெருங்குழாய் ஊட்டும் பகுதி ஒளிரக் காண்போம். இக்குழந்தைகளிலோ மூளைப் புறணியிலும், உள்ளிருக்கும் வெண்பொருளிலும், இருபாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்திலும் சிறுசிறு புள்ளிகள் சிதறித் தெரியும். தலைமடை திறந்திருக்கக் கடைமடைகள் அடைபட்ட வயலைப் போன்றது அது. கேடு நுண்குழாய்களில் என மருத்துவர் கருதுவது இதனால்தான். ஒருசில வாரங்களில் ஒளிர்வு மறையும். மாதங்கள் கழித்து எடுக்கும் படத்தில் சுருக்கமும் குழியுமே மிஞ்சும்.

படம் எடுப்பதால் மடிந்த திசு மீளாது. ஆயினும் வலிப்புக்கு மருந்து தொடங்கவும், வளர்ச்சியைக் கண்காணிக்கவும் அது வழிகாட்டும். விழித்திரைக்கு உரிய காலத்தில் லேசர் அளித்தால் பார்வையைக் காக்க இயலும்; ஆகவே கண் சோதனையைத் தள்ளிப்போடலாகாது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. பச்சிளங்குழந்தையைப் பாலூட்டித் துணியில் சுற்றி உறங்கவைத்தே பல இடங்களில் எடுக்கிறார்கள்.

மருத்துவர் தாயின் கெண்டைக்காலையும் பார்ப்பார். வெளிர் வரிகள், கூம்பிய பல், முன்பு கலைந்த கருக்கள் ஆகியவற்றைக் கேட்பார். பல குழந்தைகளில் பழுது புதிதாகத் தோன்றியதே. தாயிடம் வரி இருந்தாலும் அது அவள் குற்றமாகாது. மாமியார்மார் இதைச் சற்று உரக்கவே கேட்கவேண்டும்.

கோலாலம்பூர் உலு யாமிலிருந்து தொலைவன்று. கொப்புளம் கோடாகத் தெரிந்தால், வேப்பிலையைத் தொட்டிலில் கட்டியபடியே புறப்படுங்கள்.