ஊர் என்றால் எது?
(கிராமத் திட்டம் பற்றிய சொற்பொழிவு)



கிராம அபிவிருத்தி, கிராமத் திட்டம் என்பவைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். இந்த விஷயத்தில் சர்க்கார் புத்தகங்களில் பெரிய பெரிய வார்த்தைகள் வழங்குகின்றன. சமுதாய வளர்ச்சி என்கின்றார்கள். மக்கள் பங்கேற்பு என்கின்றார்கள். அதிகாரப் பரவல் என்கின்றார்கள். எல்லாம் நல்ல வார்த்தைகளே. ஆனால் அவை நமது கிராமத்துக்குள் நுழைந்ததும் எந்தத் தெருவோடு நின்று விடுகின்றன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கின்றது.

முதலாவது, "சமுதாயம்" என்கின்ற வார்த்தையையே எடுத்துக் கொள்ளுவோம். 1948ம் வருஷத்தில் ஐக்கிய மாகாணத்தின் எட்டாவா ஜில்லாவில் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலை நிபுணர் யோசனைப்படி ஒரு முன்மாதிரி வேலை தொடங்கினார்கள். விவசாயத்துக்கு ஓர் உத்தியோகஸ்தர், சுகாதாரத்துக்கு ஓர் உத்தியோகஸ்தர் என்று பலர் தனித்தனியே கிராமத்துக்குப் போவதற்குப் பதிலாக, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிராமத்தோடு பழகுகின்ற ஒரே ஊழியர் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கிய யோசனை. பிறகு 1952 அக்டோபர் 2ந் தேதி தேசம் முழுவதிலும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. ஐந்து வருஷம் கழித்து, 1957ல், பல்வந்தராய் மேத்தா கமிட்டியார் அதைப் பரிசோதித்து, ஜனங்கள் இதில் தாமாக முன்வந்து கலந்து கொள்ளவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தாபனங்களிடம் பொறுப்பை விட்டாலொழியப் பயனில்லை என்று கண்டார்கள். அதன்படி 1959ல் ராஜஸ்தானத்தில் நாகௌர் என்ற ஊரில் பஞ்சாயத்து ராஜ்யம் தொடங்கி வைக்கப்பட்டது. நமது மாகாணத்திலும் 1958ம் வருஷத்துச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் ஏற்பட்டன.

ஜனங்கள் ஏன் முன்வரவில்லை? கிராமம் என்பது ஒரே சமுதாயம், ஒரே குடும்பம் என்று எண்ணித் திட்டம் போட்டார்கள். ஆனால் கிராமத்தில் இருப்பது என்ன? "ஊர்" என்று ஒன்றும், "சேரி" என்று ஒன்றும் இருக்கின்றன. சேரி என்பதைக் காலனி என்று மாற்றிச் சொல்லுவதைத் தவிர வேறு என்ன மாறுதல் ஏற்பட்டு விட்டது? "ஊருக்கு ரோடு வந்துவிட்டது" என்று ஒருவன் சொன்னால் அந்த ரோடு காலனி எல்லையில் நின்றிருக்கும். "ஊருக்குச் சுடுகாடு இருக்கின்றது" என்பான். காலனிப் பிணம் வேறொருவன் வயலின் வரப்பு மேல் போகும். சொல்லுகின்றவன் பொய் சொல்லவில்லை. அவன் பாஷையில் ஊர் என்றால் அவ்வளவுதான்!

இதைத்தான் 1948 நவம்பர் 4ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் தோழர் அம்பேத்கர் அவர்கள் எடுத்துச் சொன்னார். கிராமத்தைப் புகழ்ந்து பேசினவர்களிடம், கிராமம் குறுகிய புத்திக்கும் அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் இருப்பிடமாயிருக்கின்றதே என்று கேட்டு, அரசியல் சட்ட நகலில் கிராமத்தை விட்டுத் தனி மனிதனை அடிப்படையாகக் கொண்டது பற்றித் தமக்குச் சந்தோஷம் என்றார். அப்படியும் பஞ்சாயத்துகளைப் பற்றிய 40வது விதி பிற்பாடு சேர்க்கப்பட்டது. அது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அதிகாரம் கிராமத்துக்கு வரத்தான் வேண்டும். கிராமத்தில் யார் கைக்கு என்பதுதான் கேள்வி.

1993 ஏப்ரலில் அமுலுக்கு வந்த 73வது திருத்தம் இதற்கு ஓரளவு பதில் சொல்லிற்று. தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் தலைமை ஸ்தானங்களில் இடம் ஒதுக்கிற்று. பஞ்சாயத்து போடும் திட்டம் பொருளாதார வளர்ச்சிக்கு மட்டுமல்ல, சமூக நீதிக்கும் ஆகவேண்டும் என்று எழுதி வைத்தது. உடனே என்ன நடந்தது? மதுரை ஜில்லா பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லா கொட்டக்கச்சியேந்தல் ஆகிய இடங்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு என்றானதும், 1996 முதல் பத்து வருஷ காலம், 2006 வரை, தேர்தலே ஒழுங்காய் நடக்க விடவில்லை. மேலவளவில் 1997 ஜூன் 30ந் தேதி தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு பஞ்சாயத்து நாற்காலியில் இவ்வளவு பெரிய சங்கதி இல்லையென்றால் இத்தனை ரத்தம் சிந்துவார்களா?

(பெண் தலைவர் பக்கத்தில் புருஷன் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டுகின்றானே, அதையும் நாம் பார்த்துக் கொண்டுதான் இருக்கின்றோம். 2016ம் வருஷத்துச் சட்டம் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தது புருஷன்மாருக்கு உத்தியோகம் தேடிக் கொடுப்பதற்காக அல்ல.)

திட்டம் எப்படிப் போடுவது என்பதற்கு இப்போது ஒரு முறை நடைமுறையில் இருக்கின்றது. கிராமத்தாரைத் தெருவில் கூட்டி, தரையில் கோலப்பொடியாலும் சாக்பீஸாலும் கிராமத்துப் படத்தை அவர்களையே வரையச் சொல்லுகின்றார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் இங்கிலாந்து அறிஞர் இம்முறையைப் பரப்பியவர்களில் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் எந்தக் குழாயில் தண்ணீர் வருகின்றது, எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை என்பது தெரியுமாதலால் இது மிக நல்ல முறை. ஆனால் பொடி யார் கையில் இருக்கின்றது என்பதைப் பாருங்கள். கோவில் வாசலில் கூட்டம் போட்டால் காலனிக்காரர் ஓரமாய் நிற்பார். பொடியைப் பிடித்தவர் கோவிலைப் போடுவார், ஏரியைப் போடுவார், தம் வீட்டைத் தவறாமல் போடுவார். காலனிக்கு ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிக்குள் எத்தனை வீடு, எத்தனை குழாய்? படத்தில் இல்லாத குழாய் திட்டத்தில் வருமா? திட்டத்தில் இல்லாததற்குப் பணம் வருமா? ஆகவே அந்தப் படத்தைக் காலனியிலும் தனியே வரைய வேண்டும். பெண்களைக் கொண்டும் தனியே வரைய வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் காரியம் முதலில் ஆகவேண்டும் என்பது ஒருவரும் பிரசங்கம் செய்யாமலே தெரிந்து போகும்.

"ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தால் சண்டை வராதே" என்று சிலர் சொல்லுகின்றார்கள். சண்டை ஏன் வராது? வாயைத் திறக்கக் கூடாதவர்கள் திறக்காமலிருப்பதால் வராது. இதற்கு ஏகமனதான முடிவு என்று பெயராம்!

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் 1996ல் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பாகம் வரை உள்ளூர் ஸ்தாபனங்களுக்கு விட்டு, வார்டு தோறும் ஜனங்களைக் கூட்டித் திட்டம் போடச் செய்தார்கள். நமக்கு வந்ததோ பெரும்பாலும் முத்திரை குத்திய பணம். 2021-22 முதல் 2025-26 வரை 15வது நிதிக் கமிஷன் கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு 60 பாகம் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்குமே என்று கட்டுப்பட்டது. மீதி 40ல்தான் கிராமத்தாரின் யோசனைக்கு இடம். இருந்த போதிலும், தண்ணீருக்கென்று வந்த பணத்தில் குழாய் எந்தத் தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்பதை எந்த நிதிக் கமிஷனும் தடுக்கவில்லையே!

கேட்கின்ற இடம் கிராம சபை. நமது நாட்டில் வருஷத்தில் நான்கு நாள் கூடி வந்த அச்சபைக்கு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாள் சேர்ந்து ஆறு நாளாயிற்று. அன்றைக்கு நம் ஆட்களில் பாதிப்பேர் கூலிக்குப் போய்விடுகின்றார்கள். மற்றவர்கள் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தீர்மானம் எழுதுமுன் வீட்டுக்கு நடக்கின்றார்கள். அடுத்த தடவை அப்படிச் செய்யாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் பெயர் அதில் இல்லையானால், எழுதும் வரையில் எழுந்திருக்காதீர்கள். கூலி போகின்றதே என்றால், தெருவுக்கு இருவர் முறை வைத்துப் போங்கள். போகின்றவர் கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுங்கள்.

இன்னும் பேச வேண்டிய தோழர்கள் இருப்பதால் இத்துடன் நாம் உட்காருகின்றோம்.