பெரியோர் வாக்கா? கண்கண்ட அத்தாட்சியா?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்னும் கருவியைப் பற்றியதாகும். "இது விஞ்ஞானிகளுக்கல்லவா வேண்டியது, நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். முடிவுவரை கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். சாதாரண பூதக்கண்ணாடிக் கருவி ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்டதைப் பிரித்துக் காட்டாது. வெளிச்சத்தின் அலையே அதைவிடப் பெரிது. மணல் சலிக்கும் சல்லடையில் மாவு சலிக்க முடியுமா? ஆகவே 1931-ல் பெர்லினில் மாக்ஸ் நோல், எர்ன்ஸ்ட் ருஸ்கா என்ற இருவர், வெளிச்சத்துக்குப் பதில் எலெக்ட்ரான்களையும், கண்ணாடி வில்லைக்குப் பதில் காந்தச் சுருளையும் வைத்து ஒரு கருவி செய்தார்கள். பொருளை 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாக்கி, காற்றில்லாத குழாயில் வைத்து எலெக்ட்ரான்களை ஊடுருவவிட்டால், அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கு புள்ளிக் கோலமாய்த் திரையில் விழும்.

1982 ஏப்ரல் 8-ந் தேதி அமெரிக்காவில், இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி டான் ஷெக்ட்மன், அலுமினியமும் மாங்கனீஸும் உருக்கிச் சட்டென்று குளிரவைத்த உலோகத்தை இக்கருவியில் பார்த்தார். வட்டமாய்ப் பத்துப் புள்ளிகள் தெரிந்தன! புத்தகங்களோ இது நடவாதென்றன. மூன்று, நான்கு, ஆறு பக்கக் கற்களால் தரையை இடைவெளியின்றி நிரப்பலாம். ஒழுங்கான ஐந்து பக்கக் கல்லால் நிரப்ப முடியாது. படிகமும் அப்படியே என்பது அவர்கள் வாதம். பல படிகங்கள் ஒட்டிக்கொண்டு ஏமாற்றுகின்றனவோ என்று ஷெக்ட்மன் தேடினார், அப்படி ஒன்றுமில்லை. ஆனாலும் ஆராய்ச்சிக் குழுவைவிட்டு விலகும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. கட்டுரை 1984-ல்தான் அச்சேறியது. இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கே 1994-ல் இறக்கும்வரை இதை மறுத்தார்.

முடிவென்ன? மற்ற நாட்டார் செய்துபார்த்தபோதும் அதே கோலம் வந்தது. 1992-ல் படிகம் என்பதற்குரிய இலக்கணத்தையே சர்வதேசப் படிகவியல் சங்கம் மாற்றியது. 2011-ல் ஷெக்ட்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தோழர்களே! பாலிங் அறிவிலி அல்லர், மகா மேதை. அவர் சந்தேகப்பட்டதும் குற்றமல்ல. அத்தாட்சிமேல் அத்தாட்சி வந்த பிறகும் அசையாததுதான் குற்றம். அதுபோலவே, எல்லோரும் எதிர்த்ததால் ஷெக்ட்மன் சொன்னது உண்மையாகிவிடவுமில்லை. யார் எங்கே செய்துபார்த்தாலும் அதே பத்துப் புள்ளி விழுந்ததால்தான் உண்மையாயிற்று. இரண்டு நோபல் பரிசு பெற்றவர் சொல்லே அத்தாட்சியின்முன் நிற்கவில்லையென்றால், பழைமை என்ற ஒன்றைத் தவிர வேறு ஆதாரமில்லாத சொற்கள் நிற்குமா? ஆகையால், யார் சொன்னார் என்று கேட்பதோடு நில்லாமல், எப்படித் தெரியும், நாமும் சோதிக்கலாமா என்று கேளுங்கள். நாம் சொல்வதையும் அப்படியே கேளுங்கள்.