ராத்திரியில் நடக்கும் வேலை



கோடியக்கரை, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் பாடுபடுகிறவர்களுக்கு வெயிலைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வெயிலின் புறஊதாக் கதிர் நம் தோலின் உயிரணுக்களுக்குள் புகுந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த எழுத்துகளை ஒட்டவைத்துவிடுகிறது. உயிரணு சும்மா இருப்பதில்லை. ஒட்டிப்போன துண்டை வெட்டியெறிந்து, எதிர் இழையைப் பார்த்து அந்த இடத்தைப் புதிதாக நிரப்புகிறது. வலையில் நைந்த கண்ணிகளை அறுத்துவிட்டு நல்ல நூலால் பின்னுகிறோமே, அதுபோல. இந்த முறையை விளக்கியவர் அசீஸ் சஞ்சார். வேறு பழுதுபார்ப்பு முறைகளைக் கண்ட தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகியோருடன் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இதை இன்று பேசக் காரணம் உண்டு. புற்றுநோய்க்குத் தரும் கதிர்ச் சிகிச்சையை நம் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்கிறோம். அதில் கரண்டும் இல்லை, ஷாக்கும் இல்லை. பெயரைக் கேட்டே பயந்தவர்கள்தான் அதிகம். பல நோய்களுக்கு வாரத்தில் ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம் வரச்சொல்கிறார்கள். "ஒரே நாளில் வைத்து அனுப்பினால் என்ன?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இந்தக் கதிர் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்தே அறுக்கக்கூடியது. நல்ல உயிரணுவும் அடிபடும், நோயணுவும் அடிபடும். நல்ல உயிரணு அறுந்தவற்றில் பெரும்பாலானதைச் சில மணி நேரத்தில் இணைத்துவிடும். மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய தேறிவிடும். நோயணுக்கள் பலவற்றுக்கு அந்தத் திறமை குறைவு. அறுந்த இழையோடு இரண்டாகப் பிரியப் போய் மடிகின்றன. மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்தால் நல்ல சதையும் தாங்காது. விதைத்தவர் தூங்கும்போதே விதை முளைக்கும் உவமையை மாற்கு நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். சிகிச்சை பெறுகிறவரின் உடலுக்குள்ளும் ராத்திரியில் அப்படியொரு வேலை நடக்கிறது.

ஆனால் நாமாக இடையில் நிறுத்தினால், மீந்திருக்கும் நோயணுக்கள் பெருகத் தொடங்கும். கருப்பை வாய், வாய், தொண்டைப் புற்றுகளில் இது பெரிய ஆபத்து. வாய்ப்புண் வந்தது, கட்டி கரைந்த மாதிரி இருக்கிறது, கூலி போகிறது, தஞ்சாவூர் வரை பஸ் காசு இல்லை என்று மூன்றாம் வாரத்தில் வீடு திரும்புகிறவர்களை நாம் அறிவோம். வாய்ப்புண்ணுக்கு மருந்து உண்டு. மருத்துவரிடம் சொன்னால் தருவார். பஸ் காசுக்கு மருந்து நம்மிடம்தான் இருக்கிறது. அப்படித் திரும்பியவர் நம் தெருவில் இருந்தால், இன்று மாலையே அவர் வீட்டுக்குப் போவோம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவரோடு யார் ஏறுவது என்று அங்கேயே பேசி முடிப்போம்.