மெயின் கேட் ஏன் நிற்காமல் போய் முட்டுகிறது?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது பேங்கில். மோட்டார் கேட்டைப் பற்றி இவர் என்ன பேசப்போகிறார் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கேட்டுக்காக ஒரே வருஷத்தில் இரண்டு சென்சாருக்குப் பணம் கொடுத்துவிட்டோம். இப்போது கன்ட்ரோல் போர்டையே மாற்ற கொட்டேஷன் வந்திருக்கிறது. வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். முதல் சென்சார் பில்லுக்கு முந்தின வாரம் ஒரு வெல்டர் பில் இருக்கிறது: துருப்பிடித்த இரும்புத் தகட்டுக்குப் பதிலாக அலுமினியத் தகடு.

கேட்டில் இருக்கும் அந்தத் தகடு தூணில் உள்ள சென்சாருக்கு நேரே வந்ததும் மோட்டார் நிற்க வேண்டும். சென்சாருக்குள் ஒரு காயில். உலோகம் பக்கத்தில் வந்தால் அதன் காந்தப்புலம் மாறும். தொட வேண்டியதே இல்லை. நம்முடையது 18 மி.மீ. விட்டம், 5 மி.மீ. வரை உணரும் ரகம். அந்த 5 என்பது இரும்புக்கு. அலுமினியத்துக்கு ஏறக்குறைய 40 சதவீதம்தான், அதாவது 2 மி.மீ. நம் கேட்டில் அளந்தால் இடைவெளி 3 மி.மீ. புது சென்சார் போடும்போது நெருக்கி வைக்கிறார்கள், ஓடுகிறது. சக்கரம் ஆட ஆட இடைவெளி விரிகிறது. உடனே "சென்சார் போச்சு சார்!"

போயிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கேட்டை மேனுவலில் போட்டுவிட்டு, ஓர் இரும்பு ஸ்பேனரை சென்சார் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பின்பக்கம் சின்ன விளக்கு எரிந்தால் உணரும் பகுதிக்கு உயிர் இருக்கிறது. நம்முடையது எரிந்தது. அதே 3 மி.மீ. தூரத்தில் அலுமினியத் தகட்டுக்கு எரியவில்லை.

விளக்கு எரிந்தும் கேட் நிற்காவிட்டால் மல்டிமீட்டர் வேண்டும். பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது, அதனால் அது எலக்ட்ரீஷியன் வேலை. பழுப்பு, நீல ஒயர்களுக்கு நடுவே 24 வோல்ட் வர வேண்டும். நம்முடையது பி.என்.பி. வகை, இரும்பைக் காட்டும்போது கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். சென்சார் முனையில் வந்து போர்டு முனையில் வராவிட்டால், நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. எலியை நான் சொல்லவில்லை, ஆனால் பார்க்கலாம்.

இன்னொன்று. இந்த சென்சாருக்கு உலோகம்தான் தெரியும், குழந்தை தெரியாது. குறுக்கே ஆள் வந்தால் நிறுத்துவது எதிரெதிரே உள்ள ஒளிக்கண். கேட் நடுவில் நிற்கிறது என்று ஒளிக்கண்ணின் ஒயரை முறுக்கி பைபாஸ் செய்ய யார் சொன்னாலும் செக்யூரிட்டி கேட்கக் கூடாது. சாயங்காலம் அங்கேதான் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

கொட்டேஷனை நிறுத்தி வைக்கும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை மாட்டப்போகிறோம். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது; ஏணி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஒளிக்கண்ணையும் துடைத்துவிடலாம்.