பழைய இசைத்தட்டுகளும் எமது செவிகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலையில் பியானோ படித்தவர்களுள் நாம் சிலர், கடந்த சில மாதங்களாக ஒன்றுகூடி மிகப் பழைய பியானோ ஒலிப்பதிவுகளைக் கேட்டு வருகிறோம். அவற்றைக் கேட்பவர்கள் என்ன சொல்கிறார்கள், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

முதலில் வருவது சிரிப்புத்தான். "இது பியானோவோ, தகரக் கூரையிலை பெய்யிற மழையோ?" என்று எம்மில் ஒருவர் கேட்டார். "இரண்டு கையும் சேரேல்லையே, எங்கடை ரீச்சர் எண்டால் விட்டிருப்பாவோ?" என்றார் இன்னொருவர். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவது இயந்திரத்தைப் பற்றியது. இரண்டாவது வாசித்தவரைப் பற்றியது. பழைய பதிவொன்றைக் கேட்பவர் இந்த இரண்டையும் பிரித்தறியப் பழக வேண்டும்.

இயந்திரத்தை முதலில் பார்ப்போம். 1889 டிசெம்பரில், எடிசனின் முகவர் ஒருவர் வியன்னாவிலே பிராம்ஸின் வாசிப்பை மெழுகு உருளையொன்றில் பதிந்தார். பிராம்ஸ் தமது முதலாவது ஹங்கேரிய நடனத்தின் ஒரு பகுதியை வாசித்தார். இன்று அதைக் கேட்டால் பேரிரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒரு பியானோ ஒலிக்கிறது. சிலருக்கு அதன் தாளக்கட்டுப் பிடிபடுகிறது. சிலருக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. ஆயினும் அது பிராம்ஸின் விரல் என்று அறிந்ததும் எல்லோரும் மௌனமாகி விடுகிறார்கள்.

1925 வரை இசைத்தட்டுப் பதிவுக்கு ஒலிவாங்கி பயன்படவில்லை. பியானோவின் முன்னால் பெரிய கூம்புக்குழல் ஒன்று இருக்கும். ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மிக மென்மையான ஒலி சரியாகப் பதியாது. தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடமளவே கொள்ளும். 1919இல் இலண்டனில் பதிவு செய்யச் சென்ற புசோனி, பத்து நிமிட ஃபௌஸ்ற் வால்ட்ஸை நான்கு நிமிடத்துக்குள் அடக்கும்படி கேட்கப்பட்டதை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் நொந்து கொண்டார். வெட்டிச் சுருக்கியும், பெடலைக் கவனித்தும், சில சுரங்களை வேண்டுமென்றே அழுத்தியும் குறைத்தும் வாசிக்க வேண்டியிருந்தது. போதாததற்குத் தட்டுகள் சுழன்ற வேகமும் எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. பிழையான வேகத்தில் ஓடவிட்டால் இராகத்தின் சுருதியே ஏறிவிடும். ஆகவே அவசரமாக ஓடும் பதிவொன்றைக் கேட்டவுடன் வாசித்தவர்மீது தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இனி வாசித்தவரிடம் வருவோம். கிறீக் 1903இல் பாரிஸிலே தமது சொந்த ஆக்கங்களைப் பதிவு செய்தார். 'வண்ணத்துப்பூச்சி', 'வசந்தத்துக்கு' என்பன அவற்றுட் சில. எம்மிற் பலர் பரீட்சைக்காகப் பாடுபட்டுப் படித்தவை! கிறீக்கோ அவற்றை மெட்ரோனோமுக்குக் கட்டுப்படாமல், ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் தயங்கியும் வாசிக்கிறார். அவரே எழுதியதை அவரே இப்படி வாசித்தால், பிழை என்று யார் சொல்வது?

கைகள் சேராத விடயமும் அப்படியே. வியன்னாவில் பெடரெவ்ஸ்கியும் ஷ்னாபெல்லும் படித்த ஆசிரியர் லெஷெற்றிஸ்கி. அவரது முறையை விளக்கி 1902இல் அவருடைய உதவி ஆசிரியை வெளியிட்ட நூல், கீழ்ச்சுரமும் மேலிராகமும் எப்போதும் ஒரே கணத்தில் விழ வேண்டியதில்லை, இராகம் சற்றுப் பிந்தி வரலாம் என்று கற்பிக்கிறது. அந்நாளில் அது பயின்று பெற்ற நயம். சங்கீத வகுப்பிலும் இருந்த சகோதரிகளுக்கு இந்தச் சுகம் புதிதன்று. தாளம் தன்பாட்டில் நிற்க, பாட்டு சற்றுப் பிந்தி வந்து சேர்வதை அவர்கள் அறிவார்கள்.

அதற்காக முன்னையோர் எல்லோரும் ஒரே விதமாக வாசித்தார்கள் என்றும் கொள்ளலாகாது. 1835இல் பிறந்த சான்-சான்ஸ் 1904இல் செய்த பதிவுகளில் விரல்கள் பளிங்குபோலத் தெளிவாக ஓடுகின்றன. றக்மானினொவ் 1930இல் ஷொப்பானின் இரண்டாவது சொனாட்டாவைப் பதிந்தபோது, மரண ஊர்வலப் பகுதி திரும்பி வருமிடத்தில் அச்சில் உள்ளதற்கு மாறாகப் பேரொலியுடன் தொடங்கிப் படிப்படியாகத் தேய்ந்து மறைகிறார். ஊர்வலம் எம்மைக் கடந்து போவது போலிருக்கும். "இப்படி மாற்ற இவருக்கு என்ன உரிமை?" என்று எம்மில் ஒருவர் கோபித்தார். மற்றொருவர் கண்ணீர் விட்டார். இரண்டும் நேர்மையான எதிர்வினைகளே.

இந்தச் சுதந்திரம் பின்னர் ஏன் குறைந்தது? பல காரணங்களுள் ஒலிப்பதிவும் ஒன்று என்பது எமது எண்ணம். மண்டபத்தில் விழுந்த பிழைச்சுரம் காற்றோடு போய்விடும். தட்டில் விழுந்தது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுமையாகப் பதிந்தார். ஹாமர்கிளேவியர் சொனாட்டாவின் தொடக்கத்தில், பீத்தோவன் குறித்த கடும் வேகத்தை எட்ட முயன்று அவர் இடறுவது இன்றும் கேட்கிறது. அக்காலத்தில் தட்டின் நடுவே வெட்டி ஒட்ட முடியாது. பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப வாசிக்க வேண்டும். 1940களின் இறுதியில் காந்த நாடா வந்தபின் பிழைகளை வெட்டி எடுக்க முடிந்தது. அப்படித் திருத்திய பதிவுகளைக் கேட்டு வளர்ந்த செவிகள் எமது செவிகள்.

சகோதரிகளே, இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்மிற் பலர் கடைசிப் பரீட்சையோடு பியானோவை மூடியவர்கள். "எனக்கு அவ்வளவுக்கு வராது" என்பதே நாம் அதிகம் கேட்ட காரணம். எதனோடு ஒப்பிட்டு வராது என்கிறோம்? ஒரு மனிதரும் ஒரே மூச்சில் வாசித்திராத, ஒட்டிச் செப்பனிட்ட வாசிப்போடு அல்லவா? எமது ஆசிரியைகள் தந்த ஒழுங்கும் பயிற்சியும் என்றும் போற்றத்தக்கவை. அவை இல்லாமல் சுதந்திரமும் இல்லை. ஆனால் சுத்தமாக வாசிப்பது தொடக்கமே. அதற்கு அப்பால் ஒரு வழி இருந்தது என்பதற்கு இந்தத் தேய்ந்த தட்டுகள் சாட்சி.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய பதிவொன்றை மூன்று முறை கேளுங்கள். முதல்முறை இரைச்சல் கேட்கும், இரண்டாம் முறை பிழைகள் கேட்கும், மூன்றாம் முறை மனிதர் கேட்பார். பிறகு வீட்டில் மூடிக்கிடக்கும் பியானோவைத் திறந்து, நீங்கள் முன்பு விரும்பிய ஒரு சிறு துண்டை, மதிப்பெண் போட யாருமில்லாமல், ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.