வெளிச்சமும் அவையும்



தொலைக்காட்சியை வீட்டுப் பொருளாகவே நாம் அறிவோம். அதைக் கண்டுபிடிக்க முயன்றவர்களோ, ஊர்கூடிப் பார்க்கும் பெருந்திரையையும் தொடக்கத்திலேயே கனவு கண்டார்கள். ஜோன் லோகி பெயார்ட் 1930இல் லண்டன் கொலிசியம் அரங்கில், 2,100 சிறு மின்குமிழ்களால் அமைந்த திரையில் உருவங்களை அசையவைத்தார். 1932இல் டேர்பி குதிரைப் பந்தயத்தை, அது நடந்துகொண்டிருக்கும்போதே, லண்டன் படமாளிகையொன்றில் காட்டினார்.

அவர்களுக்குத் தடையாக நின்றது வெளிச்சக் குறைவு. படமாளிகையில் ஒளி தருவது விளக்கு. அதை மறித்தும் விட்டும் படமாக்குவது பிலிம். தொலைக்காட்சிக் குழாயில் படமே ஒளியையும் தரவேண்டும். பெரிய திரையில் விரித்தால் அது மங்கிவிடும். சூரிச் நகரப் பேராசிரியர் பிரிட்ஸ் பிஷர் 1939இல் இதற்கு வழி சொன்னார். இலத்திரன் கற்றை எண்ணெய்ப் படலமொன்றில் படத்தை வரையும். படலத்தின் நெளிவுகள், தனியாக எரியும் விளக்கின் ஒளியை வளைத்துத் திரைக்கு அனுப்பும். ‘ஐடோபோர்’ என்ற அக்கருவி, பின்னாளில் அப்பலோ விண்பயணங்களின் ஹூஸ்டன் கட்டுப்பாட்டறையிலும் இடம்பெற்றது.

நம் அயலில் பெருந்திரை இல்லாமலே அவை கூடியது. 1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டு, இந்தியா ஏறத்தாழ 2,400 கிராமங்களில் பொதுவிடத்தில் பெட்டி வைத்து, செய்மதி வழியே நிகழ்ச்சி காட்டியது. அதைப் பெறும் அன்ரனா ஒன்று கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டிலும் இருந்தது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் கிராண்ட்பாஸில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரேயொரு பெட்டி. அது ஒரு சிங்கள வீட்டில் இருந்தது. 1983இன் காயம் ஆறாத காலம். அந்தப் படலையைத் தாண்ட என் தாயார் தயங்குவார். அவ்வீட்டு மூதாட்டியை நாங்கள் ‘ஆச்சி’ என்போம். அவருடைய பேரர்களும் ‘ஆச்சி’ என்றே அழைப்பார்கள். இரு மொழிக்கும் பொதுவான சொல் அது. தமிழ்ச் செய்தி நேரம் வந்தால் ஆச்சி சத்தத்தைக் கூட்டிவிட்டு, வாசற்படியில் நின்ற தாயாருக்குப் பாயை விரிப்பார். செய்தியில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது. எங்களுக்கு அது விளங்கவேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. 1996 மார்ச் 17இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றதையும் அந்தப் பாயில் இருந்துதான் பார்த்தோம்.

திருக்குறளில் ‘அவையறிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. பேசுபவன் அவையை அறியவேண்டும் என்பது அதன் கருத்து. அவையில் இருப்போர் ஒருவரையொருவர் அறிதலும் அதேயளவு வேண்டியது என்பேன்.

வெளிச்சக் குறை இன்று தீர்ந்துவிட்டது. மண்டபச் சுவர் முழுவதும் பளிச்சென்று படம் காட்டும் கருவி பாடசாலைகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் என் மாணவர் நாற்பது பேரும் நாற்பது கைபேசிகளில் நாற்பது காட்சிகளைப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதற்குச் சிரிக்கிறான், எதற்குக் கலங்குகிறான் என்று அவர்கள் அறிய வழியில்லை. மாதமொரு மாலை, அயற்பாடசாலைச் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளையும் அழைத்து ஒரே சுவரில் ஒரு படம் காட்டுவோம். கருவியை யாரும் இயக்கலாம். பாய் விரிக்கத்தான் ஓர் ஆச்சி வேண்டும்.