கேட்கும் செவி



1954-இல் இந்நகரில் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகம், 1974-இல் அரசு மனநோய் மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. ஓசூர் சாலையில் அதன் வாயிலைக் கண்டு முகந்திருப்பிக் கொள்வோர் நம்மவருள் இன்றும் உளர்.

ஆலோசகரிடம் செல்லும் முதல் நாளில் நிகழ்வதுதான் என்ன? அவர் அறிவுரை கூறுவதில்லை. அது நம் இல்லங்களிலேயே வேண்டுமளவு கிடைக்கிறது! வந்தவர் பேசுகிறார், அவர் செவிமடுக்கிறார். எந்நாள் தொட்டு இவ்வருத்தம், உறக்கம் உண்டா, உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதுண்டா என வினவுகிறார். வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. சொன்னவற்றை மறைவாகக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தருகிறது. உயிருக்கு ஊறு முதலிய சில நிலைகளே விலக்கு.

கன்னடம் பழகாத நம் மருமகள் எம்மொழியில் அழுவாள்? 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' வழியே, 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.